குருதி வாய்க்காலும் சிறு காவலரும்

“கடுகு சிறுத்தாலும் காரம் போகாது” என்பர் நம் முன்னோர். கடுகை விடப் பல்லாயிரம் மடங்கு சிறிய ஒரு பொருள் நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது. இரத்தக் குழாய் எங்கே வளர வேண்டும், எங்கே வளரக் கூடாது என்று காவல் செய்வதிலும் அதற்குப் பங்கு உண்டு. அதன் பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ. அந்தக் காவல் தவறினால் புற்றுநோய் எவ்வாறு ஊட்டம் பெற்று வளர்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நாங்கள் இதைப் படித்த காரணம்

இவ்வாண்டு காலாண்டுத் தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன், எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயாருக்கு மார்பகப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கூறினர். ஓராண்டாகவே அவருக்குக் கட்டி இருந்திருக்கிறது. வெட்கத்தினால் யாரிடமும் சொல்லவில்லை. செய்தி பரவியதும் அக்கம்பக்கத்தில் அவருக்குத் தனித் தம்ளர் வைத்தார்கள். “ஒட்டிக்கொள்ளும்” என்றனர் சிலர். “போன பிறவிப் பாவம்” என்றனர் வேறு சிலர்.

அவர்களைக் குறை கூற எங்களுக்குத் தகுதி இல்லை. மதிய உணவு வேளையில் தோழி தன் டிபன் பாக்ஸைத் திறந்து வழக்கம்போல் எங்கள் பக்கம் நீட்டினாள். “வயிறு சரியில்லை” என்று சொல்லி, இரண்டு நாட்கள் நாங்கள் யாரும் கை நீட்டவில்லை. மூன்றாம் நாள் அவள் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

இதை அறிந்த எங்கள் அறிவியல் சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “தெரியாததாலேதான் பயம். முதல்ல படிங்க. படிச்ச பிறகும் பயமா இருந்தா அப்போ பேசுவோம்” என்று சொல்லி, எங்கள் மனத்தில் இருக்கும் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதச் சொன்னார். “இது ஒட்டுமா?” என்று ஒருத்தி எழுதினாள். “இது பாவத்தின் தண்டனையா?” என்று மற்றொருத்தி எழுதினாள். கடைசியாக எங்கள் தோழி எழுந்து சென்று, “மகளுக்கும் வருமா?” என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடியபோது கற்றவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முட்டைக்குள் ஒரு வாய்க்கால்

முதல் பாடம் புத்தகத்தில் இல்லை. எங்களுள் ஒருத்தி, வீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த நாட்டுக்கோழியின் முட்டை ஒன்றைப் பாட்டியிடம் கேட்டு, பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்தாள். அடைவைத்து அன்று ஐந்தாம் நாள். வகுப்பறைச் சன்னல்களை மூடிவிட்டு, சிஸ்டர் அம்முட்டையை டார்ச் விளக்கின் மேல் வைத்தார். உள்ளே சிலந்தி வலை போலச் செந்நிற நூல்கள் எல்லாப் பக்கமும் ஓடின. நடுவில் ஒரு சிறு கரும்புள்ளி. கிராமத்துப் பாட்டிமார் விளக்கு வெளிச்சத்தில் முட்டையைப் பார்த்து, “கரு ஓடியிருக்கு, கூமுட்டை இல்ல” என்று சொல்வது இதைக் கண்டுதான்.

ஐந்து நாட்களுக்கு முன் அந்த முட்டையில் ஓர் இரத்தக் குழாய்கூட இல்லை. குஞ்சு வளர ஊட்டம் வேண்டும். ஊட்டம் வர வழி வேண்டும். அதனால் குழாய்கள் தாமாக முளைத்துக் கிளைவிட்டன. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யூ.–கே.பி.சி. ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானி சுவ்ரோ சாட்டர்ஜியின் குழுவினரும் கோழிமுட்டைக் கருவைக் கொண்டு இரத்தக் குழாய் வளர்ச்சியை ஆராய்ந்திருக்கிறார்கள். பாட்டி பார்த்த முட்டை பல்கலைக்கழகத்திலும் பாடமாக இருப்பது எங்களுக்கு வியப்பைத் தந்தது.

முந்திரித் தோப்புகள் சூழ்ந்த நம் ஆண்டிமடத்தில் தண்ணீரின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் சோழகங்கம் என்னும் பேரேரியை அமைத்தான். ஆனால் ஏரி நிறைந்தால் மட்டும் பயிர் விளையாது. வயல்வரை வாய்க்கால் வர வேண்டும். நம் இதயம் ஏரி என்றால் இரத்தக் குழாய்கள் வாய்க்கால்கள். ஒரு செல் உயிர்வாழ வேண்டுமானால், மிக நுண்ணிய இரத்தக் குழாயான தந்துகி ஒன்று அதிலிருந்து 0.1 முதல் 0.2 மில்லி மீட்டர் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு அப்பால் ஆக்சிஜன் போய்ச் சேராது.

வளர்ந்த மனிதரின் உடலில் புதிய குழாய்கள் எப்போதும் முளைப்பதில்லை. காயம் ஆறும்போதும், பெண்ணின் கருப்பையில் மாதந்தோறும், கரு உண்டானபோதும் முளைக்கின்றன. வேலை முடிந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். தொடங்குவதற்கு ஒரு கட்டளை, நிறுத்துவதற்கு ஒரு கட்டளை என்று இரண்டும் நம் உடலில் உள்ளன.

கடுகளவில் நின்ற கட்டி

அமெரிக்காவில் ஜூடா ஃபோக்மன் என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். யூத குருவின் மகனான அவர், சிறுவயதில் தந்தையுடன் மருத்துவமனைகளுக்குச் சென்று நோயாளிகளைக் காண்பவர். 1960களின் தொடக்கத்தில், உடலிலிருந்து தனியே எடுத்து உயிருடன் வைக்கப்பட்ட ஒரு விலங்கின் தைராய்டு சுரப்பியில் அவர் புற்றுநோய்ச் செல்களை இட்டுப் பார்த்தார். கட்டி ஒன்றிரண்டு மில்லி மீட்டர், அதாவது ஒரு கடுகளவு வளர்ந்து நின்றுவிட்டது. அதே கட்டியை எடுத்து எலியின் உடலில் வைத்ததும் விரைந்து வளர்ந்தது. என்ன வேறுபாடு? தனியே வைத்த சுரப்பியில் கட்டிக்குப் புதிய இரத்தக் குழாய்கள் வரவில்லை. எலியின் உடலில் வந்தன.

புற்றுநோய்க் கட்டி தனக்கென இரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது; அந்த வழியை அடைத்தால் கட்டி வளராது என்று 1971ஆம் ஆண்டு ஃபோக்மன் எழுதினார். பலர் அதை ஏற்கவில்லை. அவரோ சோர்ந்துவிடாமல் உழைத்தார். குழாயை வளரச் சொல்லும் முக்கியமான புரதத்தின் மரபணுவை 1989இல் நெப்போலியோன் ஃபெராரா என்பவரும் உடனுழைத்தோரும் பிரித்தெடுத்தனர். அப்புரதத்தைச் சுருக்கமாக வி.இ.ஜி.எஃப். என்பர். ஆக்சிஜன் போதாத செல் இதைச் சுரந்தால், அருகிலுள்ள குழாய் அந்தத் திசை நோக்கி முளைவிடும். காயம்பட்ட இடத்தில் இது நன்மை. புற்றுநோய்க் கட்டியோ, இரவில் கரையை வெட்டிப் பிறர் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்புகிறவனைப் போல் இதைப் பயன்படுத்திக்கொள்கிறது.

சுற்றறிக்கையும் துண்டுச்சீட்டும்

அப்படியானால் இந்தப் புரதங்களை அளவோடு வைத்திருப்பது யார்? இங்கேதான் நம் சிறு காவலர் வருகிறார்.

நம் பள்ளியையே எடுத்துக்கொள்வோம். தலைமை ஆசிரியையின் அறையில் மூலப் பதிவேடு இருக்கிறது. அது அறையை விட்டு வெளியே போகாது. தேவையான பகுதியை மட்டும் படியெடுத்துச் சுற்றறிக்கையாக வகுப்புகளுக்கு அனுப்புவர். வகுப்பில் அதைப் படித்ததும் வேலை நடக்கும். செல்லின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. அந்த மூலப் பதிவேடு. தூது ஆர்.என்.ஏ. என்பது சுற்றறிக்கை. அதன்படி உருவாகும் புரதமே நடக்கும் வேலை.

சுற்றறிக்கை போன பின், “இதைப் படிக்க வேண்டாம்” என்று ஒரு துண்டுச்சீட்டை அதன்மேல் குத்திவைத்தால் என்ன ஆகும்? வேலை நின்றுவிடும். மைக்ரோ ஆர்.என்.ஏ. செய்வது இதைத்தான். அதுவும் டி.என்.ஏ.யிலிருந்தே முதலில் நீளமான இழையாகப் படியெடுக்கப்படுகிறது. பின்னர் ட்ரோஷா, டைசர் என்னும் நொதிகள் அதைக் கத்தரித்து, ஏறக்குறைய 22 எழுத்து நீளமுள்ள துண்டாக்குகின்றன. ஆர்கோநாட் என்னும் புரதம் அத்துண்டை ஏந்திச் செல்ல, அது தனக்கு ஒத்த எழுத்துகள் உள்ள தூது ஆர்.என்.ஏ.யின்மேல் பொருந்திக்கொள்ளும். உடனே அந்தச் செய்தி படிக்கப்படாமல் தடைபடும், அல்லது சிதைந்துபோகும்.

22 எழுத்து என்றால் எவ்வளவு? ‘ஆண்டிமடம், அரியலூர் மாவட்டம், தமிழ்நாடு’ என்று நம் ஊர் முகவரியை எழுதி எண்ணினோம். 21 எழுத்துகள் வந்தன! அதைவிட ஓரெழுத்தே கூடுதலான சிறு சீட்டு, ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட செய்தியை நிறுத்திவைக்கிறது. மனித உடலில் இத்தகைய மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. ஒரே சீட்டு பல சுற்றறிக்கைகளை நிறுத்தவும் வல்லது.

இதைக் கண்டறிந்தது ஒரு மில்லி மீட்டர் நீளமுள்ள மண்புழுவினும் மிகச் சிறிய ஓர் உருளைப்புழுவில். விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் ஆகிய இருவரின் ஆய்வுக்கூடங்களும் 1993இல் இதை வெளியிட்டன. “புழுவுக்கு மட்டும் உரிய விநோதம்” என்று உலகம் அதைப் பெரிதாக எண்ணவில்லை. மனிதர் உட்படப் பல உயிர்களில் உள்ள ஒன்றை 2000ஆம் ஆண்டில் ரவ்கன் காட்டிய பின்னரே அனைவரும் திரும்பிப் பார்த்தனர். இருவருக்கும் 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆம்ப்ரோஸ் ஆய்வுக்கூடத்தின் 1993ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதற்பெயர் ரோசலிண்ட் லீ, இரண்டாம் பெயர் ரோண்டா ஃபைன்பாம் என்பதைப் பெண்கள் பள்ளி மாணவியராகிய நாம் நினைவில் வைக்க வேண்டும்.

காவல் தவறினால்

மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுக்குப் பெயருக்குப் பதில் எண் இடுகிறார்கள். அவற்றுள் 126ஆம் எண்ணுடையது இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களில் மிகுதியாக உள்ளது. அதை நீக்கிய எலிகளில் குழாய்கள் கசிந்து இரத்தம் வெளிப்பட்டது; பல குட்டிகள் கருவிலேயே இறந்தன. குழாயை வளரச் சொல்லும் செய்தியை அமர்த்துகின்ற புரதங்களை இது அடக்கிவைப்பதால், குழாய் உறுதியோடு வளர்கிறது என்று 2008இல் கண்டறிந்தனர்.

அதே ஆண்டில் மார்பகப் புற்றுநோய் பற்றி வேறொரு செய்தி வந்தது. சொஹைல் தவசோயி என்பவர், ஜோன் மசாகே என்பவரின் நியூயார்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் இதே 126 குறைந்துபோயிருப்பதைக் கண்டார். அச்செல்களில் அதைத் திரும்ப வைத்தபோது எலிகளில் நோய் பரவுவது குறைந்தது. குறைந்தால் ஏன் பரவுகிறது என்பதற்கு 2012இல் அவர் குழுவினர் விடை கண்டனர். 126 இருக்கும்போது, குழாய்ச் செல்களைக் கைகாட்டி அழைக்கும் புரதங்கள் அடங்கியிருக்கின்றன. அது குறைந்ததும் அவை பெருகி, போய்ச் சேர்ந்த இடத்தில் கட்டிக்குக் குழாய்களை வரவழைக்கின்றன.

இங்கு எங்களுக்கு ஓர் ஐயம் எழுந்தது. “குழாய்ச் சுவரில் இருந்தால் குழாயை வளர்க்கிறது, புற்றுச் செல்லில் இருந்தால் குழாய் வருவதைத் தடுக்கிறது. 126 நல்லதா, கெட்டதா சிஸ்டர்?” என்று கேட்டோம். “சீட்டு ஒண்ணுதான். எந்த வகுப்புல, எந்தச் சுற்றறிக்கை மேல குத்துறாங்கங்கிறதைப் பொறுத்து வேலை மாறும்” என்றார். இப்பாடத்தின் சாரம் இதுவே என்று எண்ணுகிறோம்.

காவல் குறைவதால் மட்டுமன்றி, மிகுவதாலும் தீங்கு உண்டு. 17–92 என்னும் தொகுதி ஒரே இழையிலிருந்து ஆறு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைத் தருகிறது. பெருங்குடல் புற்றுச் செல்களில் இது மிகுந்தபோது, குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் இயற்கைத் தடுப்புப் புரதமான திராம்போஸ்பாண்டின் குறைந்து, கட்டிகள் மிகுந்த குழாய்களுடன் வளர்ந்தன என்று 2006இல் காட்டினர். 132 என்னும் மற்றொன்று, உறங்கிக் கிடக்கும் குழாய்ச் செல்லை எழுப்பிவிடுகிறது. அதை அடக்கியபோது எலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைந்தது என்று 2010இல் சுதர்சன் ஆனந்தும் டேவிட் செரெஷும் பிறரும் வெளியிட்டனர்.

மருந்து உண்டா?

வி.இ.ஜி.எஃப். புரதத்தைப் பிடித்து அடக்கும் பெவசிசுமாப் என்னும் மருந்துக்கு அமெரிக்காவில் 2004இல் அனுமதி கிடைத்தது. பரவிய பெருங்குடல் புற்றுநோயில், மற்ற மருந்துகளுடன் இதையும் சேர்த்துக் கொடுத்தபோது நோயாளிகளின் வாழ்நாள் சராசரியாக ஏறத்தாழ ஐந்து மாதம் கூடியது. ஐந்து மாதம் என்பது சிறிதுதான். ஆனால் ஒரு பிள்ளையின் பொதுத்தேர்வைப் பார்த்துவிடும் காலம் அது. வாய்க்காலை ஒரு பக்கம் அடைத்தால் கட்டி வேறு வழியை வெட்டிக்கொள்கிறது என்பதால், இம்மருந்து மட்டும் நோயை வேரோடு நீக்குவதில்லை.

மைக்ரோ ஆர்.என்.ஏ.யையே மருந்தாகக் கொடுக்கவும் முயன்றனர். 34 என்னும் எண்ணுடைய காவலரைச் செயற்கையாகச் செய்து 2013 முதல் நோயாளிகளுக்குக் கொடுத்தனர். உடலின் எதிர்ப்பாற்றல் கடுமையாகக் கிளர்ந்து சிலர் இறந்ததால் 2016இல் அம்முயற்சி நிறுத்தப்பட்டது. ஒரே சீட்டு பல சுற்றறிக்கைகளை நிறுத்தும் என்பதனால் இதைக் கையாள்வது எளிதன்று. ஆகவே “மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து தருகிறோம்” என்று யாரேனும் விளம்பரம் செய்தால் நம்பி ஏமாறக் கூடாது. இன்று நோயாளிக்குக் கைகொடுப்பவை அறுவை, கதிர்வீச்சு, மருந்துச் சிகிச்சை ஆகியவையே. அவற்றையும் காலத்தோடு தொடங்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டிலும் இதற்காக உழைத்த பெண்மணிகள் உண்டு. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரை மறவாமல் முப்பது ஆண்டுகள் முயன்று, 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளுடன் தொடங்கினார். 1955இல் அங்குச் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021இல் இறக்கும்வரை அதையே தம் வீடாகக் கொண்டு ஏழை நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார்.

மூன்று கேள்விகளுக்கும் விடை

கரும்பலகையில் எழுதிய கேள்விகளுக்கு இப்போது விடை சொல்லலாம்.

புற்றுநோய் ஒட்டாது. அது வெளியிலிருந்து வந்த எதிரி அன்று; நம் சொந்தச் செல்லே கட்டளை மீறியதால் வந்த நிலை. ஒரே தட்டில் உண்பதாலோ, கட்டி அணைப்பதாலோ அது பிறருக்குப் போகாது. ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. என்னும் வைரஸ் முக்கியக் காரணம். அது பரவக்கூடியது, அதற்குத் தடுப்பூசி உண்டு. அதைப் பற்றி நம் வயதுப் பெண்கள் தாயாருடன் சென்று மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.

இது பாவத்தின் தண்டனை அன்று. பிறவிக் குருடனைக் கண்டு, “பாவம் செய்தது யார்?” என்று சீடர்கள் கேட்டபோது, அவனும் இல்லை, அவன் பெற்றோரும் இல்லை என்று இயேசு கூறியதாக யோவான் நற்செய்தியில் படிக்கிறோம். 22 எழுத்துச் சீட்டு ஒன்று குறைவதும் கூடுவதும் ஒருவரின் நன்னடத்தையைப் பார்த்து நிகழ்வதில்லை.

மகளுக்கும் வருமா? புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே பரம்பரையாக வருபவை. தாய்க்கு வந்ததால் மகளுக்கு வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் மருத்துவரிடம் அதைச் சொல்லி, உரிய வயதில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இவ்விடையைச் சிஸ்டர் எழுதியபோது தோழி அதைத் தன் நோட்டில் இரண்டு முறை எழுதிக்கொண்டதை நாங்கள் பார்த்தோம்.

இப்போது அவள் தாயார் 21 நாட்களுக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார். முடி கொட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறு பேர் அவர் வீட்டிற்குச் சென்றோம். அவர் தயங்கியபடி எங்களுக்கு மட்டும் தனித் தம்ளர் எடுக்கப் போனார். “வேணாம் அத்தை, உங்க தம்ளர்லயே கொடுங்க” என்றாள் எங்களுள் ஒருத்தி. அவர் திரும்பி நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே காப்பி ஆற்றினார். மறுநாள் மதியம் தோழி டிபன் பாக்ஸைத் திறந்தாள். எலுமிச்சைச் சாதம். எங்களுக்குப் பற்றவில்லை. நாங்கள் டார்ச் ஒளியில் பார்த்த முட்டையும் உரிய நாளில் பொரிந்து குஞ்சாயிற்று.

அன்புத் தோழியரே! கடுகளவில் இருக்கும்போது கட்டிக்கு வாய்க்கால் இல்லை. அது வாய்க்கால் வெட்டிக்கொள்ளுமுன் நாம் முந்திக்கொள்ள வேண்டும். முப்பது வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகத்தையும் கருப்பை வாயையும் பரிசோதிக்கிறார்கள். உங்கள் அம்மாவிடமும் சித்தி, அத்தை, பாட்டியிடமும் இன்று மாலையே இதைச் சொல்லுங்கள். கட்டி தென்பட்டால் மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டால் நீங்களே கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். நோயுற்ற அனைவருக்கும் இறைவன் நலம் அருள வேண்டுகிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்